கையெழுத்து வாங்காம திருப்பி அனுப்புற காகிதம்

என் குருவிக்கு,

அப்பா எழுதுறேன். நீ நல்லா இருக்கணும். நான் நல்லா இருக்கேன்னு எழுதுனா நீ நம்ப மாட்ட, அதனால வேலைக்குப் போறேன், சாப்பிடுறேன், படுக்குறேன், அவ்வளவுதான். அம்மா போய் நாலு மாசம் ஆச்சு. பாக்குறவங்கல்லாம் என்கிட்ட, உனக்கு நாப்பத்தி மூணு வயசுதானே, காலம் கிடக்குதுன்னு சொல்றாங்க. கிடக்கட்டும்.

உன் கவர் வந்துச்சு. விளையாட்டு டீச்சர் படிப்பு முடிஞ்சுது, பள்ளிக்கூடத்துல ஆறு வாரம் வகுப்பு எடுத்துப் பழகியாச்சு, முதலுதவிப் பரீட்சையும் பாஸ், இனி மைதானத் தேர்வு ஒண்ணுதான், அதுக்கு உடல் தகுதிச் சான்று வேணும், இங்க ஆஸ்பத்திரியில மூணு நாள் வரிசையில நிக்கணும், அம்மாவுக்கு வாங்கின மாதிரி நம்ம டாக்டர்கிட்டயே கையெழுத்து வாங்கி அனுப்பிடுங்கப்பான்னு எழுதியிருக்க. படிச்சுட்டு மேசையில வச்சேன். பறக்காம இருக்க மேல ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கேன். மூணு நாளா அங்கயேதான் கிடக்கு.

இப்போ சொல்றத உக்காந்து படி. உங்கம்மா பதினோரு வருஷம் பள்ளிக்கூட மைதானத்துல விசில் ஊதினா. சான்றிதழ் இல்லைன்னு பதிவேட்டுல டீச்சர்னு எழுதல, உதவியாளர்னுதான் எழுதுனாங்க. பிள்ளைங்கதான் டீச்சர்னு கூப்பிட்டுச்சுங்க. தலைமை டீச்சரம்மா ஒரு நாள் எல்லார் முன்னாடியும், ஓடத் தெரிஞ்சா போதும்னா தெரு நாய்க்கும் வேலை போட்டுக் குடுக்கலாமேன்னு சிரிச்சாங்க. அன்னிக்கு வந்து புஸ்தகத்த எடுத்தவதான். யாரு முதல்ல சான்றிதழ் வாங்குறதுன்னு நீயும் அவளும் போன்ல பந்தயம் வேற. அவ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள், நான் நம்ம டாக்டர் கிளினிக்குல இசிஜி மெஷின ரிப்பேருக்குப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருந்தேன். அம்மா உடல் தகுதிக் காகிதத்தோட மூச்சு வாங்க வந்தா. இசிஜி எடுத்துட்டுத்தான் கையெழுத்து போடணும். எவ்வளவு நேரம்யா ஆகும்னு டாக்டர் கேட்டாரு, மாட்டி முடிக்க அரைமணி நேரம்னேன். அம்மா கடிகாரத்தப் பாத்தா. டாக்டர் சிரிச்சுக்கிட்டே, தினம் ஓடுற வண்டிக்கு எதுக்குய்யா சர்வீஸுன்னு போட்டுக் குடுத்துட்டாரு. நானும் சிரிச்சேன். இருபது வருஷமா அந்த மெஷினோட மல்லுக்கட்டுறவன் நான், நானும்தான் சிரிச்சேன். அவ போனப்புறம் மெஷின மாட்டி, சரியா ஓடுதான்னு பாக்க வயர என் நெஞ்சுல ஒட்டிப் பாத்தேன். கோடு சுத்தமா வந்துச்சு. ஒன்பதாம் நாள் மைதானத் தேர்வுல மூணாவது வளைவுல அவ உக்காந்தா, எந்திரிக்கல. ஒரு இசிஜி எடுத்திருந்தா இருதயக் கோளாறு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், பிள்ளைங்களுக்கும் இருக்கலாம், பாத்துக்கோங்கன்னு தூக்கிட்டுப் போன ஆஸ்பத்திரியில பெரிய டாக்டர் சொன்னாரு. நீ தினம் ஓடுறன்னு தெரிஞ்சும் நான் நாலு மாசம் உன்கிட்ட வாயத் திறக்கல. ரெண்டு தடவ போன் பண்ணேன், மழை வெயில்னு பேசிட்டு வச்சுட்டேன். திட்டணும்னா திட்டு, வாங்கிக்கிறேன்.

போன வாரம் தேர்வு ஆபீஸ்ல இருந்து அம்மா பேருக்குக் கடிதம். மைதானத் தேர்வ முழுசா முடிக்கலையாம், அடுத்த தடவ மறுபடி விண்ணப்பிக்கலாமாம். தலைமை டீச்சரம்மா ஸ்டாப்வாட்சையும் விசிலையும் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாங்க. வாட்சக் குடுத்தேன். விசில் காணோம்னுட்டேன்.

உன் காகிதத்துல கையெழுத்து வாங்க மாட்டேன், அப்படியே திருப்பி அனுப்புறேன். மூணு நாள் என்ன, முப்பது நாள் ஆனாலும் வரிசையில நில்லு. அதுவரைக்கும் ஓடாத, மாடிப்படி கூட மெதுவா ஏறு. அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டுச் சொல்லு, வெக்கப்படாத. அவர் சொல்றதச் சொல்லட்டும், இசிஜி தாள எனக்கும் அனுப்பு, என் கண்ணால பாக்கணும். ஏதாவது இருக்குன்னா நீ டீச்சர் ஆக வேண்டாம்மா, உலகத்துல உக்காந்து பாக்குற வேலை எவ்வளவோ இருக்கு. ஒண்ணும் இல்லைன்னா போய் ஓடி முடி, பதிவேட்டுல டீச்சர்னு எழுத வை.

நூறு வருஷம் இரு. எனக்கு வேற எதுவும் கேக்கத் தோணல. இசிஜி தாள்ல உன் பேரும் தேதியும் இருக்கான்னு பாத்து வாங்கு. கவருக்குள்ள விசில் இருக்கும், பத்திரம். தாள் வர்ற வரைக்கும் ஊதாத.

இப்படிக்கு,
அன்னிக்கு அரைமணி நேரம்னு சொன்ன
அப்பா