பூஜை போட்ட ஹீட்டர் பெட்டி

பீளமேடு, கோவை
டிசம்பர் 29

அன்பு மகன் கிஷனுக்கும் மருமகள் பிரத்யுஷாவுக்கும் நைனா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே கிளாஸ்கோவில் நீங்கள் இருவரும் சுகம்தானா என்று ஒவ்வொரு தடவையும் வழக்கத்துக்குக் கேட்பேன், இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன், பதில் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன் கண்ணு. அந்தப் பழைய காரை இனி எடுக்காதே. ஹீட்டர் லீவரை இறக்கி வைத்தால் போதும் என்றும் நினைக்காதே. நான் செய்து அனுப்பிய பெட்டிகள் இரண்டையும் கழற்றி எறியும் வரை அதில் யாரும் உட்காரக் கூடாது. இதைச் சொல்லத்தான் கடிதம், மற்றதெல்லாம் அதற்குக் காரணம்.

பிரத்யுஷாவுக்கும் புரியட்டும் என்று விளக்கமாகவே எழுதுகிறேன். உங்கள் காரில் எஞ்சினைக் குளிர வைப்பது தண்ணீர் இல்லை, காற்று. ரேடியேட்டரே இல்லாத வண்டியில் ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் எங்கே கிடைக்கும், அதனால் எஞ்சின் புகை போகும் குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி போட்டிருப்பான். குழாயின் சூட்டில் பெட்டிக்குள் இருக்கும் காற்று சூடாகி, கதவுக்கு அடியில் ஓடி, உங்கள் காலடியில் வந்து வீசும். குழாய் நன்றாக இருக்கும் வரை புகை வேறு, காற்று வேறு. குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலும் இரண்டும் கலந்து உள்ளே வரும். அதில் இருக்கும் விஷத்துக்கு நிறமும் கிடையாது நாற்றமும் கிடையாது, பழைய வண்டியில் எப்போதும் ஒரு பெட்ரோல் வாடை இருப்பதால் உங்களுக்கு வித்தியாசமும் தெரியாது. ஐம்பது வருஷத்து வண்டி நைனா, பெட்டி இரண்டும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, இங்கேயே புதுசு கிடைக்கிறது என்று நீ சொன்னாய். நாற்பது வருஷம் பம்பு செய்தவன் மகன் அதைக் கடையில் வாங்குவதா என்று நான்தான் குதித்தேன். வாங்கியிருக்கலாம் கண்ணு.

உள்குழாயின் வளைவு இறுக்கமாக இருந்ததால் ஒரே குழாயாக வளைக்க வரவில்லை, இரண்டு துண்டாக வளைத்து நடுவில் பற்ற வைத்தோம். வாயை அடைத்து, காற்றழுத்தம் கொடுத்து, பம்பின் வெளிக்கூடான கேசிங்கைப் பார்ப்பது போலவே தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினேன், ஒரு குமிழி வரவில்லை. நம் ஊரில் எதைச் செய்தாலும் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துத்தானே பழக்கம், நெருப்பில் வேலை செய்யப் போகிற சாமானைத் தண்ணீரில் பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெல்டர் செங்கோடனுக்குத் தோன்றியது. இருபத்திரண்டு வருஷமாக நம்மிடம் இருக்கிறவர். எஞ்சினில் மாட்டிச் சூடு பண்ணிப் பார்க்க இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டார். அடுத்த நாள் ஆயுத பூஜை, என் மகனுக்குச் செய்த சாமான் சாமி முன்னால் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை, பெட்டியை மூடச் சொன்னேன். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நடுவில் வைத்துக் கும்பிட்டோம், போட்டோ கூட உனக்கு அனுப்பினேனே. விஜயதசமி அன்று பார்சல் கட்டும்போது அவர் மறுபடி வந்து நின்று, "மனசு கேக்கலீங்க முதலாளி, மூடிய அறுத்து ஒருக்காப் பாத்துப்போடலாமுங்க" என்றார். குங்குமம் வைத்ததை அறுப்பதா, நல்ல நாளில் உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்துக் கத்தினேன். அவர் போய்க் கயிறு எடுத்து வந்து கட்டிக் கொடுத்தார்.

இதெல்லாம் எப்படித் தெரிய வந்தது என்றால், அதே அச்சில் செய்த இன்னொரு ஜோடி நம் பட்டறையிலேயே இருந்தது. நான்கு நாளைக்கு முன்னால் பழைய கார் வேலை பார்க்கும் சஹீரிடம் ஊட்டியிலிருந்து உன் வண்டி மாதிரியே ஒன்று வந்தது, அதில் மாட்டினோம். ஹீட்டர் எப்படி அடிக்கிறது என்று பார்க்க அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தார். அரை மணி கூட ஆகவில்லை, கதவைத் திறந்துகொண்டு தள்ளாடி இறங்கி, "தலை பொளக்குதுங்கண்ணா, வாந்தி வராப்புல இருக்குது" என்றார். அங்கேயே பெட்டியை அறுத்தோம். பற்ற வைத்த இடம் நெடுக உள்ளே கரி பிடித்திருந்தது. விரிசல் சூட்டில் விரிகிறது, ஆறினால் மூடிக்கொள்கிறது. அதே குழாயை மறுபடி தொட்டியில் அமுக்கினேன், அப்போதும் குமிழி வரவில்லை கண்ணு. சஹீருக்கு இப்போது ஒன்றுமில்லை. அவர் சொன்ன அதே தலைவலி, அதே குமட்டல், காரில் போய்வந்தாலே வருகிறது என்று பிரத்யுஷா நவம்பர் கடைசியில் அம்மாவிடம் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

அம்மா பிரத்யுஷா, அன்றைக்கு நீ சொன்னதை நாங்கள் என்னவாக எடுத்துக்கொண்டோம் என்று நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆறு வருஷமாகப் பேரக்குழந்தைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் குமட்டல் என்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இல்லை அத்தை, அது இல்லை என்று நீ சொல்லியும் உன் அத்தை கேட்கவில்லை, காரமடைக் கோயிலில் பார்த்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள், காங்கேயத்தில் இருந்தெல்லாம் உனக்கு வாழ்த்துச் சொல்லிப் போன் வந்ததாம், நீ உட்கார்ந்து அழுதாயாம். கிஷன் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் எங்களை விட்டுடுங்க நைனா" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தான். எங்கள் நம்பரையும் தடுத்துவிட்டான். அது நியாயமான கோபம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீ வலி என்று சொன்னதை வலி என்று மட்டும் கேட்டிருந்தால் அன்றைக்கே நான் கண்டுபிடித்திருப்பேனே அம்மா.

கிஷன், நான்கு நாளாக நான் தட்டாத கதவு இல்லை. மெயில் போட்டேன், பதில் இல்லை, சஹீர் போனிலிருந்து கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை, உன் ஆபீசுக்குக் கூப்பிட்டால் விடுமுறை என்று மெஷின் பேசுகிறது. உங்கள் கிளாஸ்கோ போலீசுக்கும் போன் போட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அழுதேன். போனை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டு ஆள் அனுப்பினாள். வீடு பூட்டியிருக்கிறதாம், கார் இல்லையாம், மூட்டை முடிச்சை ஏற்றிக்கொண்டு வடக்கே மலைப் பக்கம் கிளம்பினார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். வண்டி நம்பரை எழுதிக்கொண்டு தேடுகிறோம் என்றாள். அந்தக் குளிரில் கண்ணாடியை இறக்கிவிட்டா ஓட்டுவீர்கள். சஹீரின் அக்கா ஹபீபுன்னிசா நாளைக்கு அங்கே மகன் வீட்டுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து உங்கள் கதவில் தபால் போடும் துளை வழியாகப் போடச் சொல்லியிருக்கிறேன். செங்கோடனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அதெல்லாம் இருக்கட்டுமுங்க, தம்பி பேசினாரா என்றுதான் அவர் கேட்டார்.

அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் கூப்பிடாததற்கு அவள் ஒரு காரணம் வைத்திருக்கிறாள். மூன்று மாதம் முடிகிற வரை வெளியில் சொல்லக் கூடாது என்றுதான் இருவரும் பேசாமல் இருக்கிறார்களாம், தொந்தரவு பண்ணக் கூடாதாம், சனிக்கிழமை தோறும் ஒருவேளைதான் சாப்பிடுகிறாள். இன்று காலை கூடக் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் உட்கார்ந்து உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இருவரும் நூறாயுசு இருக்க வேண்டும், வேறு எந்த ஆசீர்வாதமும் எனக்கு இப்போது வாயில் வரவில்லை. இருவரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், தள்ளிப் போடாதீர்கள். இந்தக் கடிதத்தை நீ படிக்கிறாய் என்றால் நல்லபடியாக வீடு திரும்பிவிட்டீர்கள் என்று அர்த்தம். அது ஒன்று போதும், அப்புறம் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னோடு பேசாதே. இன்றைக்கு மட்டும் ஒரு தடவை போனை அடித்து, நான் எடுத்ததும் வைத்துவிடு.

உன் நைனா,
கோவிந்தராஜுலு