காலை ஒத்தடம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை ஆசையோடு எழுதுவது. இங்கே நாங்கள் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய களிம்பு டப்பா உடையாமல் வந்து சேர்ந்தது. அவருடைய இமை நோயை அது வேரோடு பிடுங்கிவிடும் என்று எழுதியிருந்தாய். கோபித்துக்கொள்ளாதே, டப்பாவை அவர் கண்ணில் காட்டாமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில் நல்ல செய்தி. அவர் மறுபடி பஸ் ஓட்டுகிறார்! குடிப்பழக்கமே இல்லாத மனுஷனுக்குக் குடிகாரன் பட்டம் கட்டிய கதைதான் உனக்குத் தெரியுமே. காலையில் எழுந்தால் பூளை கட்டி இமை ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவித் திறந்தால் ஓரமெல்லாம் ரத்தச் சிவப்பு. "கண்ணைப் பார்த்தாலே தெரியுது, ராத்திரி நல்லா ஏத்தியிருக்கார்" என்று பயணிகள் புகார் செய்ய, டிப்போ மேனேஜர் ஊதச் சொல்லியிருக்கிறார். வாயில் பற்பசை வாசனைதான் வந்தது. ஆனாலும் கண் தெளியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டயர் கிடங்கில் உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணைக் காக்க வேண்டிய இமையே இப்படிச் செய்தால், வேலியே பயிரை மேய்ந்த கதைதானே?

கண் டாக்டரம்மா பார்த்துவிட்டு, இமை ஓரத்து எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன என்றார். தினமும் காலையில் பத்து நிமிடம் வெந்நீர் ஒத்தடம். பிறகு இமையை மெதுவாக நீவிவிட்டு, ஈரப் பஞ்சால் ஓரத்தைத் துடைக்க வேண்டும். சொல்வது சுலபம். கால் தரையில் பாவாத மனுஷனைப் பத்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வைக்க என்னால் ஆகுமா? அவருடைய பழைய பனியனைக் கிழித்து, வெந்நீரில் பிழிந்து வைத்தேன். அரை நிமிடத்தில் "துணி ஆறிப்போச்சு, எடு" என்றார். வேறு வழி தெரியாமல் பேச ஆரம்பித்தேன். மாடி வீட்டுச் சண்டை, தண்ணீர்க் குழாய் வம்பு என்று ஊர்க்கதை எல்லாம் சொன்னேன். அது தீர்ந்ததும் என் கதை. மழை நாளில் அவர் வீடு திரும்பும்வரை ஜன்னலை விட்டு நான் நகர்வதில்லை என்று சொன்னதும், "இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல?" என்றார். "நீங்க நின்னு கேட்டாத்தானே!" என்றேன்.

அக்கா, கல்யாணமானதிலிருந்து இப்படி நாங்கள் பேசியதில்லை. கண் தெளிந்தது, வண்டியும் கிடைத்தது. குணமாகிவிட்டது என்று ஒத்தடத்தை நிறுத்திவிட்டார். எழுந்ததும் பழையபடி ஓட்டம். வீடு வெறிச்சென்று போனது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள், நான் அந்தப் பனியன் துணிக்காக ஏங்கினேன்.

சில நாளில் சிவப்பு திரும்பி வந்தது. டாக்டரம்மா அவரை ஒரு பிடி பிடித்தார். "இது ஒரேயடியா போற வியாதி இல்லைங்க. பல் விளக்குற மாதிரி தினம் செய்யணும். விட்டா வந்துடும்." அவர் முகம் தொங்கிப்போனது. நான் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது அவரே முன்னதாக எழுந்து வெந்நீர் போட்டு, நாற்காலியில் சாய்ந்து, "ம், சொல்லு" என்கிறார். நேற்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்தார். டிப்போவில் அவரிடமிருந்து வண்டியைப் பறித்துக்கொண்ட அன்று ஊர் சொன்னது அவருக்குப் பெரிதாகப் படவில்லையாம். "நீயும் நம்பிடுவியோன்னுதான் பயந்துட்டேன்" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். துணி எப்போதோ ஆறிப்போயிருந்தது. எடு என்று அவரும் சொல்லவில்லை, நானும் எடுக்கவில்லை.

கண்ட களிம்பையும் இமையில் தடவக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னது உண்மைதான். ஆனால் டப்பாவை ஒளித்தது அதற்காக இல்லை என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அவருக்கு எழுதும்போது அதைப் பற்றி மூச்சு விடாதே. எனக்காக ஒன்று வேண்டிக்கொள், அக்கா. அவர் கண் என்றும் தெளிவாக இருக்கட்டும். வியாதி மட்டும் முழுசாகக் குணமாகாமல் இருக்கட்டும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

என்றும் உன் வாயாடித் தங்கை