ஐஸ் நின்னதுக்குக் காரணம் நான் இல்லை

அன்புள்ள மகளுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். கடிதம்னா இப்படித்தான் ஆரம்பிக்கணும், அதனால எழுதினேன். அடுத்தபடியா நீ எப்படி இருக்கேன்னு கேக்கணும், இந்தத் தடவை கேக்கலை. நல்லாத்தான் இருப்பே, இங்க ரெண்டு பேர் நிம்மதியைக் கெடுத்துட்டு அங்க உனக்கு என்ன குறைச்சல். கையில போன் இருக்கும்போது அம்மா எதுக்குக் காகிதத்தைத் தேடிப் போயிருக்காங்கன்னு நீயும் மாப்பிள்ளையும் சிரிப்பீங்க, நல்லா சிரிங்க. போன்ல நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள நீ மூச்சுவிடாம பேசிட்டு, சரிம்மா உடம்பைப் பார்த்துக்கன்னு வச்சுடறே. காகிதத்துல அந்த வேலை நடக்காது, குறுக்கே பேச முடியாது, கடைசி வரி வரைக்கும் படிச்சுத்தான் ஆகணும்.

எனக்கு மறதி வந்துடுச்சுன்னு அடுத்த வீட்டுல இருக்கிற உங்க அத்தைகிட்டச் சொல்லியிருக்கே. ஐஸ் மேக்கரைக்கூட ஒழுங்காப் போட்டு வைக்கத் தெரியலை, இவங்களை நம்பி அப்பாவை எப்படி விடறதுன்னு கேட்டிருக்கே. அப்பாவை ஏதோ முதியோர் இல்லத்துல சேர்க்கலாம்னு அதோட படத்தையெல்லாம் அனுப்பியிருக்கே, எனக்கு மூளை டாக்டர்கிட்ட தேதியும் வாங்கி வச்சிருக்கே. எல்லாம் அத்தை வாயாலதான் எனக்குத் தெரியவந்துச்சு. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலை உனக்கு. நான் மருந்துக் கடையில நின்னு தலை நரைச்சவ, ஒரு மாத்திரையைக்கூட மாத்திக் குடுத்தேன்னு யாரும் வந்து நின்னது கிடையாது. அப்பாவோட சிறுநீரகம் கைவிட்டதுல இருந்து எந்த மாத்திரை எந்த வேளைக்கு, ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணிக்கு மேல போகக் கூடாதுன்னு இந்த வீட்டுல தலைக்குள்ள வச்சிருக்கிறது நான் ஒருத்திதான். என்னைப் போய் மறதிக்காரின்னு சொல்ல உனக்கு வாய் எப்படித்தான் வந்துச்சோ.

அந்த ஃபிரிட்ஜை நீ வாங்கிக் குடுத்ததை நான் குறை சொல்லலை, அதையும் சொல்லிடறேன், அப்புறம் நன்றி கெட்டவன்னு ஒரு பட்டம் குடுப்பே. தண்ணி குடிக்க முடியாத மனுஷனுக்கு நாக்கு வறண்டு போறப்போ ஒரு துண்டு ஐஸை வாயில போட்டுக்கிட்டாத்தான் கொஞ்சம் உயிர் வருது. அதை நீ யோசிச்சு, லீவு போட்டு வந்து, கதவுல பட்டன் வச்சதா பார்த்து வாங்கி, பக்கத்துல நின்னு குழாய் மாட்டி வச்சுட்டுப் போனே. நீ இருந்த வரைக்கும் அது நல்லா ஓடுச்சு. நீ விமானம் ஏறினதும் தகராறு பண்ண ஆரம்பிச்சுது. அதையே பிடிச்சுக்கிட்டு, நான் இருந்தப்போ நல்லாத்தானே இருந்துச்சு, நான் போனதும் எப்படிக் கெடும்னு என்னையே கேட்டே. அந்தக் கேள்விக்கு என்கிட்டே இப்போ பதில் இருக்கு, பொறுமையாப் படி.

தினமும் காலைப் பலகாரம் முடிஞ்சதும் நான் என்ன செய்வேன்னு உனக்கே தெரியும். ஐஸ் மேக்கரை அணைச்சுட்டு, அந்த டப்பாவை வெளிய இழுத்து, ராத்திரி விழுந்த ஐஸையெல்லாம் பால்கனித் தொட்டியில கொட்டிட்டு, வெந்நீர்ல கழுவி, ஈரம் போகத் துடைச்சு, திரும்ப மாட்டி, பட்டனை அமுக்குவேன். உடம்புல எதிர்ப்புச் சக்தி இல்லாத மனுஷன், மீன் வாடையும் வெங்காய வாடையும் ஏறின பழைய ஐஸ் அவர் வாய்க்குள்ள போகக் கூடாதுன்னு நானே போட்டுக்கிட்ட சட்டம் அது. பட்டனை அமுக்கினா நீல விளக்கு எரியும். எரியறதைப் பார்த்துட்டுத்தான் அந்தப் பக்கம் போவேன். மத்தியானம் அப்பா ஐஸ் கேப்பார், திறந்தா டப்பா காலி, விளக்கு அணைஞ்சிருக்கும். திரும்பப் போடுவேன். அடுப்பைப் பார்த்துட்டு வந்தா மறுபடி அணைஞ்சிருக்கும். உன்கிட்டச் சொன்னா, மெஷின் தானா அணையாதும்மா, கழுவறதுக்கு அணைச்சுட்டு நீங்கதான் போட மறந்திருப்பீங்கன்னு சொன்னே. எவ்வளவு சுலபமா சொல்லிட்டே.

அதுக்கப்புறம் நீ போன்ல போட்ட உத்தரவு ஒவ்வொண்ணையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு செஞ்சேன். பின்னாடி இருக்கிற தண்ணிக் குழாய் திறந்திருக்கான்னு பாருன்னே, அத்தையைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா அந்த மலையை முன்னாடி இழுத்தோம், தரையில கீறல் விழுந்ததுதான் மிச்சம், குழாய் திறந்துதான் இருந்துச்சு. ஃபில்டரை மாத்துன்னே, மாத்தினேன், மாத்தினதும் முதல்ல வர ஐஸ் கரிப்பொடி கலந்து வரும், அதைக் கொட்டிடணும்னு புத்தகத்துல போட்டிருந்துச்சு, அதையும் கொட்டினேன். உள்ள ஒரு கம்பி இருக்கும், அது மேல தூக்கி நின்னா டப்பா நிறைஞ்சிடுச்சுன்னு நினைச்சு மெஷின் நின்னுடும், அதைக் கீழ இறக்குன்னே, அது இறங்கித்தான் இருந்துச்சு. குளிரை ஒரே அடியா ஏத்துன்னே பாரு, அது ஒண்ணுதான் வினையாப் போச்சு. தண்ணி வர குட்டிக் குழாயே உறைஞ்சு அடைச்சுக்கிச்சு, சாயங்காலம் ஓடற நேரத்துலயும் ஐஸ் வரலை. வெந்நீர்ல துணியை முக்கி முக்கி ஒத்தடம் குடுத்து, குளிரைப் பழையபடி குறைச்சு, அதைச் சரி பண்ணினது யாருன்னு நினைக்கிறே, இந்த மறதிக்காரிதான்.

மெக்கானிக்கும் வந்தார். பகல் முழுக்க கம்பெனியில வேலை, சாயங்காலம்தான் வீடுகளுக்கு வருவார். வாயில விசில் நிக்காது, அதனால தெருவுல அவருக்குப் பேரே விசில்தான். வந்தார், பட்டனை ஒரு தடவை அணைச்சுப் போட்டார், விளக்கு எரிஞ்சுது, உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தார், கடகடன்னு ஐஸ் விழுந்துச்சு. மறுபடி கூப்பிட்டேன், மறுபடி சாயங்காலம், மறுபடி கடகடன்னு விழுந்துச்சு. மூணாவது தடவை என்கிட்ட எதுவும் சொல்லலை, வாசல்ல நின்னுக்கிட்டு அத்தைகிட்ட, மெஷின்ல ஒரு பழுதும் இல்லைங்க, வீட்டுல பட்டனைத் தொட்டுட்டே இருக்காங்க போலன்னு சொல்லிட்டு விசிலடிச்சுக்கிட்டே படி இறங்கினார். அத்தை அதை அப்படியே உனக்கு ஒப்பிச்சிருக்காங்க. உனக்கு அது போதுமானதா இருந்துச்சு.

எனக்கும் அது போதுமானதாத்தான் இருந்துச்சு, அதான் என் வயித்தெரிச்சல். எல்லாரும் சேர்ந்து சொன்னா ஒருத்தி எவ்வளவு நாள்தான் தன்னை நம்புவா. கதவைத் துடைக்கிறப்போ கை பட்டு அணைஞ்சிருக்குமோன்னு கதவைத் துடைக்கிறதையே விட்டேன். பட்டனை அமுக்கிட்டு, போட்டுட்டேன் போட்டுட்டேன்னு வாய்விட்டுச் சொல்லிட்டே நடந்தேன், அதைப் பார்த்துட்டு அத்தை என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. மாத்திரையைக் குடுத்துட்டு குடுத்தேனா இல்லையான்னு காலி அட்டையைக் குப்பையில இருந்து எடுத்துப் பார்த்தேன். மருந்துக் கடையில அத்தனை வருஷம் நின்னவ குப்பைக் கூடையைக் கிளறிக்கிட்டு நின்னேன். அந்த டாக்டர் தேதிக்குப் பேசாம போயிடலாம், என்னை எங்கயாவது அடைச்சு வைக்கட்டும்னுகூட நினைச்சேன். நல்லா இருந்த மனுஷியை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்தது யார்னு நீயே சொல்லு.

இப்போ கேளு. ஒரு நாள் காலையில டப்பாவைக் கழுவி மாட்டி, பட்டனைப் போட்டுட்டு, அந்த இல்லத்து விஷயமா உன்னை நாலு வார்த்தை கேக்கலாம்னு போனை எடுத்தேன். எடுத்ததும் வழக்கமா தோணறது தோணுச்சு, இப்போ அங்க அவ படுக்கிற நேரம், தூங்கற பிள்ளையை எழுப்ப வேண்டாம்னு. உன் மேல அவ்வளவு கோபம் இருந்தும் அதுதான் தோணுச்சு, என் தலையெழுத்து. போனைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து பார்த்தேன், என் கண் முன்னாடியே அந்த நீல விளக்கு அணைஞ்சுது. யாரும் தொடலை, காத்துகூடப் படலை. அடுத்த நாளும் ஸ்டூலைப் போட்டு எதிர்ல உட்கார்ந்துட்டேன். நீ படுக்கிற நேரம் ஆச்சு, அணைஞ்சுது. நீ எழுந்திருக்கிற நேரத்துக்கு, அதாவது எங்களுக்குச் சாயங்காலம், தானா எரிஞ்சுது.

புரிஞ்சுதா? ராத்திரியில ஐஸ் விழற சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதுன்னு அப்பா சொன்னார்னு நீ இங்க இருந்தப்போ உன் போன்ல ஏதோ தட்டினியே, ராத்திரி நேரத்துல இது சும்மா இருக்கும்பான்னு பெருமையா சொன்னியே, அதுதான். நீ இங்க இருந்தப்போ உன் போன்ல நம்ம ராத்திரி இருந்துச்சு. நீ ஊர் போய் இறங்கினதும் உன் போன் அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கிச்சு, அதோட சேர்ந்து என் அடுப்பங்கரை ஃபிரிட்ஜும் மாறிக்கிச்சு. நீ தூங்கறப்போ அதுவும் தூங்குது. எங்க பகல் பூரா அதுக்கு ராத்திரி, நடுவுல நான் போட்டாலும் திரும்ப அணைச்சுக்கும். மறுபடி ராத்திரியில சத்தம் கேக்குதுன்னு அப்பா சொன்னப்போ, நான்தான் நிறுத்தி வச்சிருக்கேனே, கனவு கண்டிருப்பீங்கன்னு அவரையும் வாயடைச்சே. ஆக எனக்கு மறதி, அவருக்குக் கனவு, உன் போனுக்கு மட்டும் தப்பே வராது. புத்தகத்தைப் பார்த்து, ரெண்டு பட்டனையும் சேர்த்துப் பிடிச்சு அமுக்கி, உன் போனுக்கும் இந்த ஃபிரிட்ஜுக்கும் இருந்த தொடர்பை அறுத்து விட்டுட்டேன். இப்போ பகல்ல ஐஸ் விழுது. ராத்திரி படுக்கப் போறப்போ நானே கையால அணைக்கிறேன், காலையில நானே போடறேன், ஒரு நாளும் மறக்கலை. இனிமே அது எரியுதா அணையுதான்னு நீ அங்க இருந்து எட்டிப் பார்க்க வேண்டாம்.

இதோட முடிஞ்சிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். முடியலை. விளக்கு அணையற கூத்தைக் கண்டுபிடிச்சதும் ஓடிப்போய் முதல்ல அப்பாகிட்டத்தான் சொன்னேன், மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். கேட்டுட்டு, சரி சரின்னு தலையாட்டினார். கையைத் தட்டிக் குடுத்தார். எனக்கு ஏதோ உறுத்துச்சு. உனக்கே தெரியும், கல்யாணமான நாள்ல இருந்து நான் சொன்ன எதையும் அந்த மனுஷன் ஒரே பேச்சுல ஒத்துக்கிட்டது இல்லை. மழை வரும்னு சொன்னாக்கூட வராதுன்னு வாதாடுவார், பருப்பு வெந்துடுச்சுன்னா வேகலைம்பார். அவர் இப்போ எல்லாத்துக்கும் தலையாட்டறார். சந்தேகம் வந்து, வேணும்னே ஒரு நாள், செத்துப்போன உங்க பெரியப்பா காலையில வந்துட்டுப் போனார்னு சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். பார்த்துட்டு, "அப்படியா, சாப்பிட்டாரா"ன்னு கேட்டார்.

அப்போதான் அத்தையைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டேன். நீ அப்பாகிட்டச் சொன்னியாமே, அம்மா இனிமே ஏதாவது காரணம் சொல்லிட்டே இருப்பாங்க, மறுத்துப் பேசாதீங்க, பேசினா அவங்களுக்கு ஜாஸ்தியாகும், என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டிடுங்கன்னு. யாரோ சொன்னதைக் கேட்டு நல்லதுன்னு நினைச்சுத்தான் சொல்லியிருப்பே. ஆனா என்ன செஞ்சு வச்சிருக்கேன்னு பாரு. விளக்கு உன்னாலதான் அணைஞ்சுதுங்கிற உண்மைக்கும் தலையாட்டறார், செத்தவர் வந்தார்ங்கிற பொய்க்கும் தலையாட்டறார். நான் அடுப்பை அணைச்சுட்டு வந்தப்புறம், தண்ணி குடிக்கப் போற மாதிரி மெல்ல எழுந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டே போய் அடுப்புப் பட்டனைத் திருகிப் பார்த்துட்டு வரார். தண்ணி குடிக்கக் கூடாத மனுஷன் தண்ணி குடிக்கப் போறேன்னு சொல்றார். நான் தெரியாத மாதிரி திரும்பிப் படுத்துக்கிறேன். ஐஸ் துண்டை வாயில போட்டுவிட்டா, நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு என்னைப் பார்த்து சிரிக்கிறார், குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம்.

நான் எத்தனை தடவை சொன்னாலும் இனி அவர் நம்ப மாட்டார், நம்பாம இருக்கிறதுக்கு நீயே வழி பண்ணி வச்சுட்டே. நீ சொன்னாத்தான் கேப்பார். அதனால இதைப் படிச்ச கையோட அப்பாவைக் கூப்பிடு, என்கிட்டப் பேச வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம், உன் அழுகையும் வேண்டாம். அம்மாவுக்கு ஒண்ணும் இல்லைப்பா, தப்பு என் போன்மேலன்னு உன் வாயால அவர்கிட்டச் சொல்லு. தலையாட்டினது போதும்பா, அம்மாகூட பழையபடி சண்டை போடுங்கன்னு சொல்லு. அந்த டாக்டர் தேதியை வாங்கினவ நீ, நீயே வேண்டாம்னு சொல்லிடு. இல்லத்துப் படத்தையெல்லாம் அழிச்சிடு.

நீயும் மாப்பிள்ளையும் நல்லா இருங்க, வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட வெளிய போகாதே. எங்க பகல்ல கூப்பிடு, உன் தூக்கம் கெட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
அவர் வாயால ஒரு "இல்லை" கேக்கக் காத்திருக்கிற
உன் அம்மா