பிரசங்கத்தின் கடைசித் தாள்

என் கணவராகிய போதகருக்கு,

இந்தத் தாளைச் சத்தமாக வாசிக்க வேண்டாம். இது உங்களுக்கு மட்டும்.

நான் எழுதித் தரும் பிரசங்கத்தை ஒருநாளும் முன்கூட்டிப் படித்துப் பார்க்காமல்தான் மேடை ஏறுவீர்கள். அந்தப் பழக்கத்தை நம்பித்தான் இதை அடியில் வைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ந்த பெண்களைப் பற்றி ஒருமுறை சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், பிரசவத்தில் செத்துவிடுவோமோ என்ற பயத்தில், வயிற்றுப் பிள்ளைக்காகத் தியானங்கள் எழுதி வைத்தவர்கள். "உதைப் படிச்சு ஆருக்கு என்ன பிரயோசனம்?" என்று கேட்டுவிட்டு மவுண்ட் ஆல்பர்ட் நிலையத்தில் ரயிலைப் பிடிக்க ஓடினீர்கள். அவர்களில் சிலருடைய எழுத்தைக் கணவன்மார் அச்சிட்டார்கள், மனைவி செத்த பிறகு, அவள் பெயரிலேயே. உங்களுக்கு நான் சாகும்வரை பொறுமை இல்லை. என் பெயரும் தேவைப்படவில்லை.

போன மாதம் உங்கள் பெயரில் தியானப் புத்தகம் அச்சாகி வந்தது. நம் பிள்ளை வயிற்றிலேயே இறந்த கிழமை நான் எழுதிய தியானமும் அதில் இருக்கிறது. நம் சபை அன்னம்மா அக்கா அதைப் படித்து அழுதுவிட்டு என் கையைப் பிடித்தார். "பாஸ்டருக்கு ஒரு தாயின்ர மனசு, பிள்ளை."

"ஓம், அக்கா" என்றேன்.

அந்தத் தியானத்தைத்தான் இன்று பிரசங்கமாகத் தந்தேன். அப்போது உங்களுக்குக் காட்டாத கடைசி வரியையும் சேர்த்திருந்தேன். அதைச் சபை இப்போதுதான் உங்கள் வாயால் கேட்டது: "குடிக்கப் பிள்ளை இல்லாமல் என் மார்பில் பால் கட்டியிருக்கிறது."

தண்ணீர் குடியுங்கள். பிறகு நிமிர்ந்து முன்வரிசையைப் பாருங்கள். எழுந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
எழுதியவள்