நம்ம உயரம்

மகளின் அப்பாவுக்கு,

உங்கள் தம்பி லொறியோடு வந்து, "அண்ணி, அண்ணன் தச்சுமேசைய ஏத்திட்டு வரச் சொன்னாரு" என்று வாசலில் தலைகுனிந்து நிற்கிறார். நாவலப்பிட்டியில் புதுப் பட்டறையாம். புது வீட்டைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கண்டியில் ஒரு தச்சு பாஸ் தன் பட்டறையில் செய்து வைத்திருந்த மேசையை வாங்கிவிடலாம் என்றேன், நினைவிருக்கிறதா? "வாங்குனா யாரோ ஒருத்தன் உயரத்துக்கு இருக்கும். நாமளே செஞ்சா நம்ம உயரத்துக்குச் செய்யலாம்" என்றீர்கள். பலாப் பலகைகளை நானும் சேர்ந்துதான் அறுத்தேன், இழைத்தேன். கால்களுக்கு அளவெடுக்கும்போது மட்டும் உங்கள் கையைத் தொங்கவிட்டு, தரையிலிருந்து உங்கள் மணிக்கட்டு வரை அளந்தீர்கள். அத்தனை வருஷமும் நான் ஒரு பலகைத் துண்டின்மேல் ஏறி நின்றுதான் சீவுளி தள்ளினேன்.

நீங்கள் போன மறுநாளே மேசையின் கால்களை அறுத்துவிட்டேன். இப்போது என் மணிக்கட்டுக்குச் சரியாக இருக்கிறது. வேலை ஓடர்களும் வருகின்றன.

மேசை இங்கேயே இருக்கும். அறுத்த நான்கு துண்டுகளையும் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். என்னைவிட நீங்கள் உயர்ந்திருந்தது அவ்வளவுதான்.

இப்படிக்கு,
தரையில் நின்று வேலை செய்பவள்