கருப்பட்டித் தண்ணீர்

மதினி,

இன்று காலை எதிரே உள்ள கமிஷன் கடையில் மிளகாய் வத்தல் மூடை இறக்கினார்கள். ஒரு மூடையின் வாய் பிரிந்து தெருவெல்லாம் நெடி. வரிசையாகத் தும்மினேன். கண்ணைத் துடைத்து நிமிர்ந்தால் உங்கள் சிரிப்புதான் முன்னால் நின்றது. வங்காளதேசத்திலிருந்து நான் திரும்பி வந்த வாரம் முழுக்க இப்படித்தானே தும்மிக்கொண்டு கிடந்தேன்? "பிறந்து வளந்த ஊரு நெடியே சேரலையாக்கும்" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

கோபத்துக்குக் காரணம் தும்மல் மட்டுமில்லை. மதுரையில் நர்ஸாக இருந்தவள், வங்காளதேசத்தில் சண்டை ஓய்ந்ததும் அங்கே சம்பளம் வேண்டாம் என்று தொண்டுக்குப் போனேன். இரண்டு மழைக்காலம் இருந்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். நோயாளியே படகில்தான் வருவார். திரும்பி வந்தால் பாளையம்பட்டியில் நம் வீட்டில் ஒரு குடம் தண்ணீருக்கு ஏகப்பட்ட பங்கு. முகம் கழுவிய தண்ணீரை நான் தெருவில் வீச, நீங்கள் அடுப்படியிலிருந்து பதறி ஓடிவந்தீர்கள். அது முருங்கைக்குப் போகவேண்டிய தண்ணீராம். எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் அங்கே இப்படி இல்லை என்று ஆரம்பித்துவிடுவேன். தெருக்காரர்கள் 'வங்காளத்தம்மா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இந்த ஊர் இனி ஒத்துவராது, ஆடி கழிந்ததும் மறுபடி கிளம்பிவிட வேண்டியதுதான் என்று பெட்டியை முழுதாகப் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அந்த ஆடியில்தான் உங்கள் சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அப்போதுதான் எட்டு வைக்கப் பழகியிருந்தாள். விடியலில் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் துவண்டுபோனாள். கண் உள்ளே போய்விட்டது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? வயிற்றாலே போகிற பிள்ளைக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் காட்டமாட்டார்கள். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று கணக்கு. ஈரத்துணியால் உதட்டைத் தொட்டுவிடுவதோடு சரி. அண்ணன் கடையைப் போட்டபடி போட்டுவிட்டு ஓடிவந்தார். ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்து வருகிறேன், அதுவரைக்கும் ஒரு சொட்டுக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விடவில்லை. நயமாகப் பேசத் தெரியாத வாய் என்னுடையது. உடம்புத் தண்ணீரெல்லாம் வற்றித்தான் பிள்ளைகள் சாகின்றன, உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பிழைக்கும், அங்கே என் கையால் கொடுத்து என் கண்ணால் பார்த்தேன் என்று சத்தம் போட்டேன். நீங்கள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தீர்கள். அந்தப் பார்வையில்தான் எனக்கு உறைத்தது. உங்கள் மூத்தவன் இதே நோயில்தான் போனான். தண்ணீர் கேட்டுக் கேட்டு அழுதவனுக்கு, பெரியவர்கள் சொன்னபடி கொடுக்காமல் மடியிலேயே வைத்திருந்தீர்கள். நான் சொல்வது பொய்யென்றால் சின்னவள் போய்விடுவாள். நிஜமென்றால், மூத்தவனும் பிழைத்திருக்க வேண்டியவன். இரண்டில் எதை நம்பினாலும் உங்களுக்கு வேதனைதான்.

என் வயதுதான் உங்களுக்கும். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"வீட்டுல சீனி இல்ல தாயி. கருப்பட்டி போட்டா ஆகாதா?"

கருப்பட்டியைப் பற்றி அங்கே எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இனிப்புதானே, ஆகும் என்றேன். ஆறிய வெந்நீரில் கரைத்து, உப்பைப் போட்டு, கண்ணீர் அளவுக்குமேல் கரிக்கிறதா என்று நாக்கில் விட்டுப் பார்த்தேன். கரண்டியை நீங்களே வாங்கிக்கொண்டீர்கள். முதலில் கொடுத்ததை வாந்தி எடுத்தாள். கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுங்கள் என்றேன், கொடுத்தீர்கள். அண்ணன் வண்டியோடு வந்து வாசலில் நின்று கத்தினார். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தீர்கள். அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது பிள்ளை உங்கள் சேலையை நனைத்தாள். மூத்திரம் போய்விட்டாள், இனிப் பயமில்லை என்று வண்டியிலேயே நான் அழுதேன். நீங்கள் அழவில்லை.

அவள் தேறி வீட்டுக்கு வந்த அன்று, அடுப்படியில் என்னிடம் கேட்டீர்கள்.

"அப்ப, மூத்தவனுக்கும் குடுத்திருக்கலாமுல்ல?"

அது வேறு நோய் மதினி என்று ஒரு பொய் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. உங்களிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. "குடுத்திருக்கலாம் மதினி. அன்னைக்கு நம்ம யாருக்கும் தெரியலையே" என்றேன். அடுப்பில் எரிந்த விறகை உள்ளே தள்ளினீர்கள். பிறகு, இதை மற்ற ஊர்களில் சொன்னாயா என்று கேட்டீர்கள். சொன்னால் வங்காளத்துக் கதை என்று சிரிக்கிறார்கள் என்றேன்.

"அப்ப நானும் வாரேன்" என்றீர்கள்.

சொன்னபடி வந்தீர்கள். திருச்சுழிப் பக்கம் பஸ்ஸை விட்டு இறங்கி, உடைமர நிழல்கூட இல்லாத பாதையில் என்னோடு நடந்தீர்கள். பெண்கள் கூடியதும், "எம் மூத்தவனுக்குக் குடுக்காம இருந்துட்டேன். சின்னவளுக்குக் குடுத்தேன், இருக்கா. நீங்க குடுங்க" என்பீர்கள். அவ்வளவுதான் உங்கள் பேச்சு. நான் தொண்டை வறளப் பேசியபோது தலையை ஆட்டிவிட்டுப் போனவர்கள், உங்களைக் கேட்டுவிட்டு எழுந்துபோய் உப்புச் சாடியைத் திறந்தார்கள். ஊருக்கு ஊர் அதைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று கூட நடந்த எனக்குத்தான் தெரியும். போதும் மதினி என்றால் கேட்கமாட்டீர்கள். நான் பெட்டியை முழுதாகப் பிரித்து, துணிமணியை உங்கள் அலமாரியில் அடுக்கியது அதற்குப் பிறகுதான்.

போன தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. நான் ஊருக்கு ஊர் அலைந்த நாளில் இப்படியா ஒரு வார்த்தை சொல்லாமல் போவது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனால் ஊர்களுக்குப் போவதை நிறுத்தவில்லை. தனியாகத்தான் போகிறேன், தைரியமாகவே போகிறேன். இப்போதெல்லாம் வங்காளத்தில் ஆரம்பிப்பதில்லை. எங்க மதினி என்றுதான் ஆரம்பிக்கிறேன். நேற்று குண்டாற்றை ஒட்டிய ஓர் ஊரில், மாமியார் முறைக்க முறைக்க, ஒரு சின்னப்பெண் தன் பிள்ளைக்குக் கருப்பட்டித் தண்ணீரைக் கொடுக்க ஆரம்பித்தாள். பாதியில் பயம் வந்துவிட்டது போலும். கரண்டியை நிறுத்திவிட்டு, "அந்த மதினி இப்ப நல்லா இருக்காகளா?" என்று கேட்டாள்.

பிள்ளை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது.

"நல்லா இருக்காக. நீ அடுத்த கரண்டியக் குடு" என்றேன்.