தங்கச்சியின் கழுத்தில் கட்டிய நெறி

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தங்கச்சியும் சுகம் என்று போன மாதம் முழுக்க போனில் சொன்னது பொய். இதையும் போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன், கையெழுத்தைக் கேலி செய்யாதே. நீ ரத்தத்திலிருந்து கொடுத்த மூல அணுக்களை ஏற்றி மூன்று மாதம் நன்றாகத்தான் இருந்தாள், ரத்தப் புற்று போன இடம் தெரியவில்லை என்றார்கள். அப்புறம் ஒருநாள் சட்டைக் காலர் பிடிக்கிறது என்றாள். முப்பது வருஷமாக ஊரார் உடம்பை டேப் வைத்து அளக்கிறவள் நான், என்ன செய்தேன் தெரியுமா, பிள்ளைக்குச் சதை வைக்கிறது என்று பூரித்துப்போய்ப் பட்டனை அரை அங்குலம் தள்ளித் தைத்தேன். பத்து நாளில் மறுபடியும் தள்ளினேன். காய்ச்சல் வந்த பிறகுதான் கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் நெறி கட்டியிருந்தது.

சின்ன வயதில் வந்து, பிறகு ரத்தத்தில் சத்தமில்லாமல் தங்கிவிடுகிற ஒரு வைரஸாம். புது அணுக்கள் அவள் உடம்போடு சண்டை போடக்கூடாது என்று எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருந்தார்களே, அந்த நேரம் பார்த்து அது தலைதூக்கிவிட்டது, அணுக்கள் கண்டபடி பெருகிக் கட்டியாகிவிட்டன. அந்த அணுக்கள் உன்னிடமிருந்து போனவை. "அண்ணன்கிட்ட சொல்லாதேம்மா, தான் குடுத்ததுதான் கெட்டதுன்னு ஒடிஞ்சு போயிடுவான்" என்று தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள், அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்மேல் ஒரு தப்பும் இல்லை. பெரியவர்களில் கிட்டத்தட்ட எல்லார் ரத்தத்திலும் அது இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். தப்பு என்றால் ஊசியும் நூலுமாக நின்ற என்னுடையது, அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு வாரம் மருந்து ஏற்றியும் கட்டி பாதிதான் கரைந்திருக்கிறது. இனி அந்த வைரஸை அடிக்க, அதை அடக்கிப் பழகிய வெள்ளை அணுக்கள் உன் ரத்தத்திலிருந்தே வேண்டுமாம், போன தடவை மாதிரி கையில் குழாயோடு சில மணி நேரம். அவை இவள் உடம்பையே தாக்கவும் கூடும், உறுதி தர முடியாது என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. கொடுத்தவனையே எத்தனை தடவை கூப்பிடுவது, வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தானே ஆகிறது என்று அப்பா தயங்குகிறார். உன் வேலையும் முக்கியம், யோசித்துச் சொல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. வந்துவிடு.

நீங்கள் இருவரும் நெடுங்காலம் நல்லபடி இருக்க வேண்டும், வேறு எதுவும் நான் கேட்கவில்லை. வரும் வழியில் சளி, காய்ச்சல் என்றால் மறைக்காமல் சொல், நேராக வார்டுக்குள் நுழைந்துவிடாதே. இப்படி எழுதியது தங்கச்சிக்குத் தெரியாது. நீ வந்து நின்றதும் என்னைத் திட்டித் தீர்ப்பாள். திட்டட்டும், அவளுக்குத் திட்டத் தெம்பிருந்தால் போதும்.

உன் அம்மா